சறோ அக்காவின் பதினொரு இறால்கள்

சென்ற வியாழக்கிழமை காலை, அலுவலகக் கதவைத் திறந்து மேசைவிளக்கைப் போடுவதற்குள் தொலைபேசி அடித்தது. வால்தம்ஸ்டோவிலிருந்து சறோ அக்காவின் தம்பி தவராசா பேசினார்.

"சேர், அக்கா மோசம் போயிட்டா."

எத்தனை மணிக்கு உயிர் பிரிந்தது என்று கேட்டேன். கேட்ட பின்னரே அந்த நேரத்தில் கேட்கத் தகாத கேள்வி அது என்று உணர்ந்தேன். தவராசா கோபிக்கவில்லை. விடிய ஐந்து நாற்பது என்றார். தாதி சொன்ன நேரமல்ல, சுவர் மணிக்கூட்டைத் தானே பார்த்த நேரம் என்றும் சேர்த்துக்கொண்டார். அக்காவோடு வாழ்ந்தவர்கள் அப்படித்தான் சொல்லப் பழகியிருந்தார்கள்.

செல்வி சறோஜினிதேவி வைத்திலிங்கம் அவர்களை லண்டன் டூட்டிங்கில் பலருக்குத் தெரியும். அவர் ஒரு மேல்நிலைப் பள்ளியின் விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளராக ஏழு ஆண்டுகள் வேலை செய்தார். நண்பர்களுக்கு அவர் சறோ அக்கா. கடற்கரை இறால்களை ஆராயும் மிகச் சிலர், உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள், அவரை ஒரேயொரு கட்டுரையின் கீழ் அச்சிடப்பட்ட பெயராக அறிவார்கள். இந்த இரு சாராருக்கும், அவரை அறியாத பிறருக்கும் இதை எழுதுகிறேன். நேரில் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவும் எழுத முயல்வேன். அந்த வேறுபாட்டில் அவர் என்னைவிடக் கண்டிப்பானவர்.

அவரை நான் முதலில் சந்தித்தது எட்டு ஆண்டுகளுக்கு முன், அவருடைய அகதி விண்ணப்பத்தைக் கவனித்த சட்டத்தரணியாக. யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் செய்முறைப் பயிற்றுநராக இருந்தவர். தாயாரின் வைத்தியத்துக்காகக் கொழும்புக்கு வந்த சமயத்தில் போர் பாதையை அடைத்துவிட, திரும்ப முடியாமற்போய், சில ஆண்டுகள் அங்கே அலைந்து, பின் லண்டன் வந்து சேர்ந்தார். வாக்குமூலம் எழுதும்போது நான் ஒரு முறையைப் பின்பற்றுவதுண்டு. ஆங்கிலத்தில் எழுதியதை வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டி, ஒவ்வொரு வரிக்கும் ஓம் என்ற பதிலைப் பெற்ற பின்னரே கையொப்பம் வாங்குவேன். பெரும்பாலானோர் நாலாவது வரியிலேயே களைத்துப்போய் எல்லாவற்றுக்கும் தலையசைப்பார்கள். அக்கா அசைக்கவில்லை. ஓரிடத்தில் 'மாலை ஐந்து மணியளவில்' என்று வாசித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நான் மணிக்கூடு பாக்கேல்லை. வெயில் கிடந்தது எண்டு மட்டும் எழுதுங்கோ."

உடலில் காயத் தழும்புகள் உண்டா என்பதும் நான் எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி. வலது குதிகாலில் ஒரு நீண்ட தழும்பு இருந்தது. காட்டினார். காட்டிவிட்டு, அதை எழுத வேண்டாம் என்றார். கடற்கரையில் இறால் பிடிக்கப் போனபோது முருகைக்கல் வெட்டியது அது. அந்தக் கல்லுக்கும் சண்டைக்கும் சம்பந்தம் இல்லை என்றார். அவருடைய நிலையில் இருந்த ஒருவர் அந்தத் தழும்பின் காரணத்தைச் சொல்லாமல் விட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. நான் எழுதவில்லை. விண்ணப்பம் அது இல்லாமலே ஏற்கப்பட்டது.

அந்த இறாலைப் பற்றி அன்றுதான் முதலில் கேட்டேன். கீரிமலைக்கு மேற்கே, சுண்ணக்கற் கரையில், நிலத்தடி நன்னீர் கசிந்து வந்து கடலோடு கலக்கும் சிறு குழிகள் உண்டு. கடல் வற்றும் நேரத்தில் அவை முழங்கால் ஆழம்கூட இரா. அந்தக் குழிகளில், சுண்டுவிரல் நகத்தளவில், உயிரோடு இருக்கையில் கண்ணாடியைப் போல ஊடாகத் தெரியும் ஓர் இறாலை அவர் கண்டிருந்தார். அதற்கு நூல்களில் பெயர் இல்லை என்று அவர் நம்பினார். ஒரு நாள் போய்ச் சிலவற்றைப் பிடித்து வந்தார். சில நாட்களில் அந்தக் கரையோரச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தது. பிறகு அது இராணுவ வலயமாயிற்று. இதை நான் எழுதும் நாள்வரை அங்கே யாரும் போய் அந்தக் குழிகளைப் பார்க்க முடியவில்லை.

"அப்ப அந்த இறால் இப்ப எங்க இருக்கு அக்கா?"

"ஒரு போத்திலுக்க. என்ர தம்பியிட்ட. அவன் எங்க எண்டுதான் தெரியேல்லை."

மேல் டூட்டிங் சாலையில் அவர் வழக்கமாகப் போகும் பலசரக்குக் கடையில் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. கடைக்காரர் தூரத்தில் கண்டதுமே, கூனி அக்கா வாறா என்பார். கருவாட்டுத் தட்டிலிருந்து கூனி என்னும் பொடி இறால் பைக்கற்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்காமல் வைக்கும் வழக்கம் அவருக்கு இருந்ததால் வந்த பெயர். ஒரு நாள் நானும் உடன் இருந்தேன். இந்தப் பைக்கற்றுக்குள் மூன்று சாதி கிடக்கிறது என்று அக்கா கடைக்காரருக்கு விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சம்பலுக்க போனா எல்லாம் ஒரு சாதிதான் அக்கா" என்றார். வெளியே வந்த பின்னும் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். ஊரில் இதைச் சொல்லியிருந்தால் நல்லது என்றார்.

தம்பி தவராசா நான்கு ஆண்டுகளுக்குப் பின் லண்டன் வந்தார். போத்திலும் வந்தது. அரக்கு நிற மருந்துப் போத்தில், வாயில் மெழுகு. உள்ளே பதினொரு இறால்கள், வெளிறிப்போய், அரிசித் தவிட்டின் நிறத்தில். அவற்றோடு மடித்த ஒரு சிறு காகிதச் சீட்டு. பிடித்த இடம், நாள், பிடித்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிப் போத்திலுக்குள்ளேயே போட்டுவிடுவது அந்தத் துறையின் வழக்கம். மை, உடல்கள் கெடாமலிருக்க ஊற்றும் மதுசாரத்தில் கரைந்துவிடும், பென்சில் கரையாது. வெளியே ஒட்டிய காகிதம் என்றோ ஒரு நாள் உரியும், உள்ளே கிடப்பது உரியாது. சீட்டில் அக்காவின் எழுத்து தமிழில் இருந்தது.

இறால்களைப் பிடித்த பின் ஊரிலிருந்த ஐந்து ஆண்டுகளும் அவர் அந்தப் போத்திலைத் திறக்கவே இல்லை. பொருளாதாரத் தடைக் காலம். திறந்தால் மதுசாரம் ஆவியாகும், ஆவியானால் நிரப்ப ஸ்பிரிற் கிடையாது. ஆகவே பிடித்த அன்றே மெழுகால் மூடி, நல்ல காலம் வரட்டும் என்று வைத்திருந்தார். லண்டனில் திறந்தபோது வேறொரு வாசம் வந்ததாம். கேட்டதும் தவராசா ஒப்புக்கொண்டார். வன்னியில் இருக்கையில் திரவம் குறைந்துபோனதாகவும், கிடைத்த பனஞ்சாராயத்தை ஊற்றி நிரப்பியதாகவும் சொன்னார். கூனிக்கு இரண்டு நாள் வெறி என்று அவர் பகிடியாகச் சொல்ல, அக்கா மன்னித்துவிட்டார். இன்னொரு போத்திலும் இருந்தது, அது யாழ்ப்பாண நகரையடுத்த பண்ணைக் கடலில் எல்லோரும் அறிந்த சாதாரண இறால். அது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடம்பெயர்வில் வழியிலே உடைந்துவிட்டதாக அவர் முன்பே சொல்லியிருந்தார். அதைப் பற்றி அக்கா கவலைப்படவில்லை.

அதன் பிறகு மூன்று ஆண்டுகள் அவருடைய சனிக்கிழமைகள் எல்லாம் சமையலறை மேசையில் கழிந்தன. பள்ளிக்கூடம் கழித்து ஒதுக்கிய ஒரு நுணுக்குக்காட்டியை விலைக்கு வாங்கியிருந்தார். இறாலின் தலையிலிருந்து முன்னே நீளும் கொம்பில் வாள்போலப் பற்கள் உண்டு. மேல்விளிம்பிலுள்ள பற்களின் எண்ணிக்கை, கால்களின் கணு அளவுகள், வால்விசிறியின் முட்கள் ஆகியவைதாம் ஓர் இனத்தை மற்றதிலிருந்து பிரிப்பவை. பதினொன்றையும் அளந்து, வரைந்து, கட்டுரையாக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார். புதிய இனமொன்றை அறிவிக்கும்போது, அந்தப் பெயர் எந்த ஓர் உடலின்மேல் நிற்கிறதோ அதை மூலமாதிரி என்று குறிக்க வேண்டும். ஊனமில்லாததாய், பெரியதாய், நல்லதாய் ஒன்றைத் தேர்வது வழக்கம். அவரும் அப்படியே தேர்ந்தார்.

அக்காவுக்கு முன்பு குணமாகியிருந்த புற்றுநோய் திரும்பிவிட்டதாக வைத்தியர்கள் சொன்ன மாதமும் ஆய்விதழின் பதில் வந்த மாதமும் ஒன்றே. பதில் மரியாதையாக இருந்தது. ஒரே இனத்துக்குள் கொம்புப் பற்கள் ஐந்திலிருந்து ஒன்பதுவரை வேறுபடுவது வழமைக்கு மிக அதிகம் என்றும், இவை யாவும் ஒரே குழியிலிருந்து வந்தவை என்பதற்கு, இந்தப் போத்தில் இத்தனை ஆண்டும் எங்கே யாரிடம் இருந்தது என்ற வரலாற்றைத் தர முடியுமா என்றும் கேட்டிருந்தார்கள். அக்கா அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்தார்.

"இது உங்கட வேலை, தம்பி. தவத்திட்ட ஒரு வாக்குமூலம் எடுத்துத் தாங்கோ. எனக்கு இன்னொருக்கா எழுதிக் கேட்டு இருக்க நேரம் இல்லை."

நேரம் இல்லை என்று அவர் சொன்னதன் பொருள் எங்கள் இருவருக்கும் தெரியும். கரைக்குத் திரும்பிப் போய் வேறொன்றைப் பிடித்து வர வழியில்லை. அந்த இறால் உலகுக்குத் தெரிவதானால் அது இந்தப் போத்திலிலிருந்து, அவர் இருக்கும்போதே நடக்க வேண்டும்.

தவராசா ஒரு ஞாயிறு பிற்பகல், பெற்றோல் நிலைய ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்தார். ஒரு மணி நேரம் கேட்டு எழுதினேன். எழுதியதை வழக்கம்போல வாசித்துக் காட்டினேன். ஓம், ஓம் என்று வந்தவர், 'இந்தப் போத்திலில் வேறெதுவும் சேர்க்கப்படவில்லை' என்ற வரியில் பதில் சொல்லவில்லை. சாராயத்தைச் சொல்கிறீர்களா, அது மேலே எழுதியிருக்கிறதே என்றேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். பணப்பையை எடுத்து, அடையாள அட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு சிறு காகிதத்தை எடுத்து என் முன்னே வைத்தார். பென்சில் எழுத்து. 'பண்ணைக் கடல்' என்று தொடங்கியது.

அவர் சொன்னது இது. இடம்பெயர்ந்த அந்தப் பகலில், மழைக்குள், சைக்கிளின் முன்கூடையில் இரண்டு போத்தில்களும் இருந்தன. நெரிசலில் யாரோ இடிக்க, பண்ணைக் கடல் போத்தில் உடைந்தது. அவர் சைக்கிளைச் சாத்திவிட்டுத் தெருவிலேயே குந்தி, சிதறிய இறால்கள் எல்லாவற்றையும் பொறுக்கி மற்றப் போத்திலுக்குள் போட்டார். அக்காவின் பொருள், விட்டுப்போக மனம் வரவில்லை. இரண்டு சீட்டுகளும் ஒரே போத்திலுக்குள் கிடந்தால் எது சரியென்று அக்கா குழம்புவார் என்று நினைத்து, ஒன்றை எடுத்துவிட்டார். எறியவும் மனம் வரவில்லை.

இதை ஏன் இவ்வளவு காலம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அந்தப் போத்திலைக் கையில வாங்கின அண்டைக்கு அவ அழுதவ, சேர். அக்கா அழுது நான் அதுக்கு முன்னம் பாத்ததில்லை. பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

சாராயத்தை உடனே சொன்னவர், இதைச் சொல்லாமல் மறைத்தார். சிறு பிழையை எளிதாக ஒப்புக்கொள்பவரிடம் இன்னொன்றும் உண்டா என்று கேட்பது என் கடமை. நான் கேட்கத் தவறியிருந்தேன். அக்கா என் கட்சிக்காரர் என்பதால் இதை அவரிடம் மறைக்க என்னால் ஏலாது என்றும், தவராசாவே சொல்கிறாரா, நான் சொல்லவா என்றும் கேட்டேன். தானே சொல்வதாகச் சொன்னார். அன்றே நேராக டூட்டிங்குக்கு நடந்து போய்ச் சொன்னார். அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. மறுநாள் காலை அக்கா ஆய்விதழுக்கு இரண்டு வரியில் எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார் என்பதும், அதன் பிறகு ஆறு கிழமை தம்பியோடு பேசவில்லை என்பதும் தெரியும். தவராசா ஒவ்வொரு ஞாயிறும் வால்தம்ஸ்டோவிலிருந்து இரண்டு ரயில் பிடித்து வந்து, சாப்பாட்டுப் பெட்டியைக் கதவடியில் வைத்துவிட்டுப் போனார். மறு ஞாயிறு பெட்டி கழுவப்பட்டு அதே இடத்தில் இருக்கும்.

தம்பியின்மேல் மட்டுமே அவருக்குக் கோபம் என்று நான் எண்ணியிருந்தேன். அது சரியல்ல. மரணசாசனம் எழுதுவதற்காக அவர் வீட்டுக்குப் போனபோது, பிடித்த அன்று எண்ணி எழுதியிருந்தால் இந்தக் கலப்பு, போத்திலைத் திறந்த நாளே தெரிந்திருக்கும் என்றார். அன்று பக்கத்தில் எங்கோ ஷெல் விழத் தொடங்கியதாம். ஒன்றை மட்டும் தட்டில் விட்டு உயிரோடு வரைந்துவிட்டு, மற்றவற்றை எண்ணாமல் போத்திலில் இட்டு ஓடி வந்திருந்தார். "பயத்தில எண்ணேல்லை. அது என்ர பிழை. அவன்ர பிழை பிறகு வந்தது" என்றார்.

சாசனத்தில் பொருட்களை வரிசைப்படுத்திக்கொண்டு வந்தோம். நுணுக்குக்காட்டி பள்ளிக்கூடத்துக்கு. புத்தகங்கள் இன்னாருக்கு. போத்தில் என்று வந்ததும், அதைச் சமையலறைத் தொட்டிக்குள் ஊற்றிவிடலாம் என்றார். குரலில் மாற்றம் இல்லை. நான் எழுதவில்லை. வருகிற எல்லோரிடமும் பழக்கத்தில் கேட்கும் கேள்வியையே கேட்டேன். இந்தப் பதினொன்றில் எதற்காவது தனி அங்க அடையாளம் உண்டா?

அவர் எழுந்து, அலுமாரியின் அடியிலிருந்து நீல மட்டைக் குறிப்பேட்டை எடுத்து வந்தார். கரையில் குந்தியிருந்து வரைந்த படம் அதில் இருந்தது. பக்கத்தில் பென்சிலில்: முட்டைகளோடு பெண். இடப்பக்க இரண்டாம் கால் குட்டை, முறிந்து மீண்டும் முளைத்தது. வால்விசிறியில் பிளவு.

கால் குட்டையான ஒன்று போத்திலில் இருப்பது அவருக்குத் தெரியும். ஊனமானது என்று கடைசியில் ஒதுக்கி வைத்திருந்தார். இப்போது கதை தலைகீழாயிற்று. அந்த நல்ல, பெரிய, குறையற்ற இறால் எந்தக் கடலில் பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஊனமான ஒன்று மட்டுமே, இன்ன நாளில் இன்ன குழியில் இருந்தேன் என்று சொல்லக்கூடியது.

ஆனால் அது போதாது. பண்ணைக் கடலின் சாதாரண இறாலுக்குக் கொம்பின் மேல்விளிம்பில் எட்டு அல்லது ஒன்பது பற்கள். கால் குட்டையானதற்கும் அப்படி இருந்தால், கீரிமலைக் கரையில் புதிதாக எதுவும் இல்லை, பதினேழு ஆண்டுகளாக அவர் நம்பியது தவறு. ஐந்து இருந்தால் அது வேறு இனம். இதை எனக்கு விளக்கிவிட்டு, நுணுக்குக்காட்டியைத் தொட மறுத்தார். முன்பு அளந்த குறிப்பில் ஒவ்வொன்றின் எண்ணிக்கையும் இல்லையா என்று கேட்டேன். அந்த ஒன்றுக்குக் கொம்பு நுனியில் அழுக்குப் பிடித்திருந்ததால், 'ஐயம்' என்று எழுதி விட்டுவிட்டதாகச் சொன்னார்.

"என்ர கண் எனக்கு வேண்டியதைத்தான் காணும். உங்களுக்கும் இப்ப தெரியும், நீங்களும் சரிவர மாட்டியள். தவத்தை வரச் சொல்லுங்கோ. அவனுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ."

சனிக்கிழமை மதியம் தவராசா வந்தார். அக்கா இறாலை மென்தூரிகையால் துடைத்து, கண்ணாடித் தட்டில் பக்கவாட்டில் கிடத்தி, வில்லையைச் சரிசெய்து எழுந்தார். முதலில் மூவரும் குறிப்பேட்டுப் படத்தோடு ஒப்பிட்டோம். கால், வாற்பிளவு, வயிற்றடியில் முட்டைகள். மூன்றும் ஒத்தன. பிறகு கதிரையைத் தம்பிக்கு விட்டார்.

"கொம்பின்ர மேல்பக்கம். எத்தினை பல்லெண்டு எண்ணு."

தவராசா ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். அவருடைய உதடுகள் அசைந்தன. அக்கா சன்னலைப் பார்த்து நின்றார். மேசையின் விளிம்பைப் பிடித்திருந்த அவருடைய விரல்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஐஞ்சு."

"திரும்ப எண்ணு."

"ஐஞ்சுதான் அக்கா. கீழ ஒண்டு நிக்குது, அதையும் சேக்கிறதோ?"

"கீழது வேற. மேல?"

"ஐஞ்சு."

அவர் சன்னலிலிருந்து திரும்பவில்லை. சற்றுக் கழித்து, "சாப்பிட்டியே?" என்று கேட்டார். இல்லை என்றார் தவராசா. இரு என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். ஆறு கிழமைக்குப் பின் வேலையைச் சாராமல் அவர் தம்பியிடம் பேசிய முதற் சொற்கள் அவை.

பதினொன்றையும் அந்தப் புதிய வெளிச்சத்தில் மீண்டும் பார்த்தார். ஏழுக்கு எட்டு அல்லது ஒன்பது பற்கள், நாலுக்கு ஐந்து. இடையில் எதுவும் இல்லை. ஆய்விதழ் எழுப்பிய ஐயம் சரியானது, ஆனால் அதன் விடை அவருடைய இனம் இல்லை என்பதல்ல, இரண்டு இனங்கள் என்பது. நாலும் ஒரே மாதிரியானவை, நாலையும் சேர்த்து எழுதலாமே என்று நான் கேட்டதற்கு, தனக்குத் தெரியும், ஆனால் நிரூபிக்க ஏலாது என்றார். புதிதாக எழுதிய கட்டுரையில் மூலமாதிரி ஒன்றே ஒன்று, அந்தக் கால் குட்டையானது. மற்ற மூன்றும் 'இதே இனமாக இருக்கலாம், எனினும் சேர்க்கப்படவில்லை' என்ற வரியோடு நிற்கின்றன. போத்தில் உடைந்ததும், கலந்ததும், சீட்டு எடுக்கப்பட்டதும் ஒளிக்காமல் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பத்தியின் முதல் வாக்கியம், சேகரித்த அன்று ஆசிரியர் மாதிரிகளை எண்ணவில்லை என்பது. தம்பியின் பெயர் நன்றிப் பகுதியில் முதலாவதாக, சுமந்து வந்தமைக்காக என்று இருக்கிறது.

பெயர் வைக்கும் விடயத்தில் சிறிது கலகலப்பு இருந்தது. கலக்கியது நான்தானே, என் பெயரை வையுங்கோ என்றார் தவராசா. உன் பெயரை வைத்தால் உலகத்தில் உள்ள எல்லாப் போத்திலிலும் சந்தேகம் வரும் என்றார் அக்கா. அந்தக் குட்டைக் காலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லொன்றை வைக்கலாம் என்று, ஆய்விதழிலிருந்து எழுதிய அன்பர் யோசனை சொன்னார். அக்கா அதை மறுத்தபோது நான் அருகில் இருந்தேன்.

"காலில பட்ட காயம் அந்த ஒண்டின்ர. அந்தச் சாதியின்ர இல்லை."

கசிந்து வரும் நன்னீரைக் குறிக்கும் பெயரையே வைத்தார்.

ஐந்து மாதங்களுக்கு முன் கட்டுரை அச்சில் வந்தது. அதற்கு முன்பே, நடக்கக்கூடிய நிலையில் இருந்த ஒரு நாளில், லண்டனிலுள்ள ஓர் அருங்காட்சியகத்தில் மாதிரிகளைக் கையளித்தார். தவராசா பையைத் தூக்கி வந்தார், நான் கூடப் போனேன். கால் குட்டையானது தனிக் குழாயில். அதனுள் பழுப்பேறிய பழைய தமிழ்ச் சீட்டும், அதன் பக்கத்தில் அருங்காட்சியகத்தின் புதிய சீட்டும். மற்றப் பத்தும் வேறொரு போத்திலில், தவராசாவின் பணப்பையில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்த சீட்டோடும், கீரிமலைச் சீட்டின் பிரதியோடும். புதியது எத்தனை வந்தாலும் பழைய சீட்டை எடுக்கக் கூடாது, அது பிழையாக இருந்தாலும் எடுக்கக் கூடாது என்பது அங்கே விதி என்று அக்கா தம்பிக்கு விளக்கினார். தவராசா தன் பணப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டதைக் கண்டேன்.

கடைசிக் கிழமைகளில் வைத்தியசாலையில் அவரைப் பல முறை பார்த்தேன். கட்டுரையின் பிரதி தலையணைக்கு அருகில் இருந்தது. அதை முழுவதுமாக ஒரு தடவை வாசித்ததாகவும், பென்சிலால் குறிக்க எதுவும் இருக்கவில்லை என்றும் சொன்னார். அதைவிட மகிழ்ச்சியாக அவர் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் கேட்ட அளவில், என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன்.

இறுதிக் கிரியைகள் செவ்வாய்க்கிழமை நடந்தன. ஆய்வுகூடப் பிள்ளைகள் சிலர் சீருடையோடு வந்திருந்தார்கள். கூனிக் கடைக்காரரும் கடையை அரை நாள் பூட்டிவிட்டு வந்து, பின்வரிசையில் கடைசிவரை நின்றார். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் அவர் பெயரில் ஒரு பூசைக்குத் தவராசா சொல்லியிருக்கிறார்.

இந்தக் குறிப்பை எழுதி முடித்ததும், வழக்கப்படி வாசித்துக் காட்ட வேண்டியவர் இல்லை. ஆகவே நேற்று வால்தம்ஸ்டோவுக்குப் போய்த் தவராசாவுக்கு வாசித்தேன். வரிவரியாகக் கேட்டு ஓம் சொல்லி வந்தார். மழைக்குள் தெருவில் குந்தி, சிதறிய இறால்கள் எல்லாவற்றையும் பொறுக்கிய இடத்தில் கையை உயர்த்தினார். அக்கா உயர்த்துவதைப் போலவே இருந்தது.

"எல்லாத்தையும் இல்லை, சேர். ஒண்டு சேத்துக்க விழுந்தது. நான் கையை நீட்டுறதுக்குள்ள சனம் மிதிச்சுக்கொண்டு போட்டுது. எடுக்கேல்லை."

அக்காவிடமும் இதைச் சொல்லவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். அது கிடந்த இடத்தை இன்றும் காட்டுவேன் என்றார்.

மேலே 'எல்லாவற்றையும்' என்று எழுதியதை நான் அழிக்கவில்லை. பழைய சீட்டை எடுக்கக் கூடாது. அதன் பக்கத்தில் இதையும் வைக்கிறேன். அச்சான கட்டுரையிலும் அதே சொல் இருக்கிறது. அக்கா இருந்திருந்தால் அன்றே ஒரு திருத்தக் கடிதம் போயிருக்கும். இனத்தின் பெயருக்கோ மூலமாதிரிக்கோ இதனால் எந்த மாற்றமும் இல்லை, விழுந்தது பண்ணைக் கடலின் சாதாரண இறால். ஆயினும் கடிதம் எழுதிவிட்டேன். தவராசா நேற்றே கையொப்பமிட்டார். இன்று மாலை தபாலில் சேர்ப்பேன்.

பதினொன்று அல்ல, பன்னிரண்டு, அக்கா. போய்வாருங்கள்.